ரஞ்சிக் கோப்பையும் நம் மாநில அணியும்

ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டம் 1934 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4 ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கம் திடலில் தொடங்கியது. அன்று மாலைக்குள் முடிந்தும் போயிற்று. சென்னை அணியும் மைசூர் அணியும் பல நாள் ஆடுவதாக இருந்த ஆட்டம் அது. மைசூர் அணி முதலில் ஆடி 48 ஓட்டங்களில் சுருண்டது. சென்னை அணி 130 ஓட்டங்கள் எடுத்தது. மீண்டும் ஆட வந்த மைசூர் அணியால் 59 ஓட்டங்களே எடுக்க முடிந்தது. கூட்டிக் கழித்துப் பாருங்கள், மாணவியரே! சென்னை அணி இரண்டாம் முறை மட்டையைத் தொடாமலேயே 23 ஓட்டங்கள் மிச்சம் வைத்து வென்றுவிட்டது. இதைத்தான் 'ஓர் இன்னிங்ஸ், 23 ஓட்டங்கள் வித்தியாசம்' என்று எழுதுவார்கள்.

இவ்வளவு மிடுக்காகத் தொடங்கிய அணி கோப்பையை முதன்முதலில் கையில் ஏந்த இருபது ஆண்டுகள் காத்திருந்தது. 1954-55 இல் ஒரு முறை, 1987-88 இல் ஒரு முறை. 2024-25 ஆம் ஆண்டுப் பருவம் வரை இவ்விரண்டு வெற்றிகள்தாம் கணக்கில் உள்ளன. இறுதி ஆட்டத்திற்குப் பன்னிரண்டு முறை சென்று பத்து முறை வெறுங்கையோடு திரும்பிய அணி நம்முடையது. பம்பாய் அணியின் வரலாற்றை எழுதுகிறவருக்கு வெற்றிகளை எண்ணி முடிக்கவே பக்கங்கள் போதா. நம் அணியின் வரலாற்றை எழுதப் புகுந்தால் தோல்விகளையும், தகுதி இருந்தும் இடம் கிடைக்காதவர்களையும் விட்டுவிட முடியாது. என்னைக் கேட்டால், அவர்களிடம்தான் இந்த அணியின் உண்மையான கதை இருக்கிறது.

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆடத் தொடங்கியவர்கள் நம்மவர்கள் அல்லர். 1846 இல் ஆங்கிலேயர்கள் மதராஸ் கிரிக்கெட் கிளப் என்ற சங்கத்தை அமைத்தனர். 1865 இல் சேப்பாக்கம் திடல் அவர்கள் வசம் வந்தது. திடலில் இருந்த மண்டபத்திற்குள் இந்தியர்களுக்கு இடமில்லை. எதிரணியாக ஆட வந்த இந்தியர்கள்கூட மரநிழலில் அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது என்று அக்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். இதைக் கண்டு மனம் பொறாதவர்களில் ஒருவர் புச்சி பாபு நாயுடு. செல்வர் வீட்டுப் பிள்ளையான அவர், சண்டைக்குப் போகவில்லை, முறையிட்டுக்கொண்டும் நிற்கவில்லை. 1888 இல் மதராஸ் யுனைடெட் கிளப் என்று இந்தியர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். தம் பணத்தில் மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்து இளைஞர்களைப் பழக்கினார். பிறகு, "எங்களோடு ஆடிப் பாருங்கள்" என்று ஆங்கிலேயர்களையே அழைத்தார். ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் இடையே 1908 டிசம்பரில் ஓர் ஆட்டம் நடத்த ஏற்பாடாயிற்று. ஆட்டம் நடந்தது, ஏற்பாடு செய்தவர்தாம் அதற்குள் காலமாகிவிட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது. பின்னாளில் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் நடந்து, 1952 வரை நீடித்த 'மாகாண ஆட்டம்' அப்படிப் பிறந்ததுதான். ரஞ்சிக் கோப்பைக்குச் சென்னை மாகாணத்தில் அணி ஒன்று ஆயத்தமாக இருந்ததென்றால் அதற்கு வித்திட்டவர் அவரே.

புச்சி பாபுவின் மகன்களும் ஆட்டக்காரர்கள். அவர்களுள் தாய்வழிப் பாட்டனாருக்குத் தத்துப் போனதால் வேறு குடும்பப் பெயர் பெற்ற கோட்டா ராமசாமியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இவர் 1922 இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்தியாவுக்காக ஆடியவர். கிரிக்கெட்டில் முதல் டெஸ்டு ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது நாற்பது! 1936 இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் நடந்த அந்த ஆட்டத்தில் 40 ஓட்டங்களும் 60 ஓட்டங்களும் எடுத்தார். நாற்பது வயதில் மூட்டு வலிக்கிறது என்று சொல்லும் நம்மைப் போன்ற ஆசிரியைகள் இதைப் படித்தால் சற்று வெட்கப்படத்தான் வேண்டும். 1985 இல், 89 ஆம் வயதில், அவர் வீட்டை விட்டு வெளியே போனார். பிறகு திரும்பவே இல்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை புலப்படவில்லை.

இனி 1934 நவம்பர் ஆட்டத்திற்கே திரும்புவோம். சென்னை அணியின் தலைவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். ரஞ்சிப் போட்டியின் முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். செங்கற்பட்டு வட்டாரத்து மொறப்பாக்கத்தில் பிறந்த இவருடைய திறமையைக் கண்டறிந்து வளர்த்தவரும் ஜான்ஸ்டன்தான். கோபாலன் கிரிக்கெட்டில் வேகப் பந்து வீச்சாளர். ஹாக்கியிலும் இந்திய அணிக்கு ஆடியவர். 1936 ஆம் ஆண்டு அவர் முன் இரண்டு வழிகள் கிடந்தன. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் ஹாக்கி அணி. மற்றொன்று, இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணி. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். தியான் சந்த் தலைமையில் சென்ற ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்து சென்ற கோபாலனுக்கோ ஒரு டெஸ்டு ஆட்டத்தில்கூட இடம் தரவில்லை. 1934 சனவரியில் கல்கத்தாவில் ஆடிய ஒரே டெஸ்டோடு அவருடைய டெஸ்டு வாழ்வு முடிந்தது. ஆயினும் மனம் கசந்து ஒதுங்கியவர் அல்லர் அவர். சென்னைக்கு ஆண்டுக்கணக்கில் ஆடினார். 2003 வரை, தொண்ணூற்று நான்கு வயது வாழ்ந்தார். சென்னை அணியும் இலங்கை அணியும் 1952-53 முதல் பல ஆண்டுகள் மோதிய போட்டிக்குக் 'கோபாலன் கோப்பை' என்றே பெயர் வைத்தார்கள். இலங்கை டெஸ்டுத் தகுதி பெறுவதற்கு முந்திய காலத்தில், அந்நாட்டு வீரர்கள் பயன்பெற்ற ஆட்டங்கள் அவை.

முதல் பந்து கோபாலனுடையது. முதல் வெற்றியோ ஏ. ஜி. ராம் சிங்குடையது. அமிர்தசரசில் பிறந்து சென்னையில் வேரூன்றிய சீக்கியர் இவர். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். அந்த ஒரு நாளில் 19 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட்டும், பிறகு 16 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டும் வீழ்த்தினார். மட்டையிலும் வல்லவர். ரஞ்சிப் போட்டிகளில் 1000 ஓட்டங்களையும் 100 விக்கெட்டுகளையும் சேர்த்து எட்டிய முதல் வீரர் இவரே. இத்தகையவர் இந்தியாவுக்காக எத்தனை டெஸ்டு ஆட்டங்கள் ஆடினார் என்று கேட்டால் விடை: ஒன்றுமில்லை.

ஏன்? காலக்கணக்கைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். 1936 ஆகஸ்டுக்குப் பின் 1946 ஜூன் வரை இந்தியா ஒரு டெஸ்டு ஆட்டமும் ஆடவில்லை. இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. ராம் சிங்குக்கு 26 வயதிலிருந்து 36 வயது வரை, அதாவது ஓர் ஆட்டக்காரனின் நல்ல பருவமெல்லாம், அப்படியே கழிந்தது. போர் முடிந்தபோது அதே இடக்கைச் சுழற்பந்தும் மட்டை வன்மையும் கொண்ட வினு மன்கட் என்னும் இளைஞர் இந்திய அணியில் இடம் பிடித்துவிட்டார். ஓர் அணியில் ஒருவகை வீச்சாளருக்கு ஓர் இடந்தான். அதை ஒருவர் பெற்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டியதே. இதில் யாருடைய குற்றமும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வெளியே நிற்பவருக்கு அது எளிதாக இராது. ராம் சிங் அந்த ஏமாற்றத்தைத் தம் வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். சொந்தப் பிள்ளைகளுக்கும், ஊரார் பிள்ளைகளுக்கும்.

அதன் பலன் 1954-55 இல் தெரிந்தது. அந்தப் பருவத்தில் சென்னை அணியின் தலைவர் பாலு அழகண்ணன். பிற்காலத்தில் வானொலி நேர்முக வர்ணனையாளராகப் பலரும் அறிந்தவர். அணியின் தூணாக நின்றவர் ராம் சிங்கின் மகன் கிருபால் சிங், இருபத்தொரு வயது இளைஞர். வங்காளத்துடன் அரையிறுதி ஆட்டம்: கிருபால் சிங் 98, பின்பு 97. ஓல்கர் அணியுடன் இந்தூரில் இறுதி ஆட்டம்: 75, பின்பு 91. நான்கு முறையும் நூறைத் தொடாமல் நழுவவிட்டார். ஆனால் அவர் எடுத்த ஒவ்வோர் ஓட்டமும் அணிக்குத் தேவைப்பட்டது. இறுதி ஆட்டத்தில் 7 விக்கெட்டுகளும் எடுத்தார். ஓல்கர் என்பது இந்தூர் அரச குடும்பத்தின் பெயர் தாங்கிய அணி. அதற்கு முந்திய பத்தாண்டுகளில் நான்கு முறை ரஞ்சிக் கோப்பையை வென்றிருந்தது. அதன் சொந்த ஊரிலேயே, அதன் சொந்த மக்கள் முன்னிலையிலேயே சென்னை அணி 46 ஓட்டங்களில் வென்று கோப்பையைக் கொண்டுவந்தது.

அதே 1955 நவம்பரில் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகக் கிருபால் சிங் தம் முதல் டெஸ்டை ஆடினார். ஆட்டமிழக்காமல் 100 ஓட்டங்கள்! கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தந்தைக்குக் கிட்டாத தொப்பி மகன் தலையில் ஏறியது. இளைய மகன் மில்கா சிங்கும் பின்னர் டெஸ்டு ஆடினார். ஓட்டப் பந்தய வீரர் மில்கா சிங் வேறு, இவர் வேறு. தேர்வில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவ்விடத்தில் ரஞ்சி ஆட்டத்தின் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் பின்வரும் செய்திகள் விளங்கா. இந்த ஆட்டத்தில் இரு அணிகளும் இரு முறை ஆட வேண்டும். குறித்த நாட்களுக்குள் அது முடியாமற்போனால் ஆட்டம் 'டிரா'. ஆனால் இறுதி ஆட்டத்தில் யாருக்காவது கோப்பையைக் கொடுத்தாக வேண்டுமே! எனவே முதல் முறை ஆடியபோது எந்த அணி கூடுதல் ஓட்டம் எடுத்ததோ அதற்கே கோப்பை. அதாவது, நீங்கள் தோற்காமலேயே கோப்பையை இழக்கலாம். நம் அணிக்கு அப்படி நான்கு முறை நேர்ந்தது. 1967-68 இல் பம்பாயிடம், 1995-96 இல் கர்நாடகத்திடம், 2003-04 இல் மும்பையிடம், 2011-12 இல் இராஜஸ்தானிடம். இவற்றுள் பின் மூன்றும் சேப்பாக்கத்திலேயே நடந்தவை. 2011-12 ஆட்டத்தில் இராஜஸ்தான் தொடக்க ஆட்டக்காரர் வினீத் சக்சேனா ஏறத்தாழ 15 மணி நேரம் மட்டையோடு நின்று 257 ஓட்டங்கள் எடுத்தார். அணியின் எண்ணிக்கை 621. அதன் பிறகு நம்மவர்களுக்கு நாள் ஏது, நேரம் ஏது! பொறுமையில் சிறந்தவனுக்கே இந்த ஆட்டம் பணியும் என்பதை இராஜஸ்தான் நம் முற்றத்திலேயே வந்து காட்டிவிட்டுப் போயிற்று.

பொறுமை ஒருபுறம் இருக்க, நம் அணியின் பெரும்படை எப்போதும் சுழற்பந்துதான். சேப்பாக்கத்தின் வெயிலில் ஆடுகளம் விரைவில் காய்ந்து வெடிப்பு விடும். வெடிப்பிலும் புழுதியிலும் விழும் பந்து திரும்பும். எனவே இங்கே வளரும் பிள்ளைகள் பந்தைத் திருப்பக் கற்றுக்கொள்வதில் வியப்பில்லை. வலக்கை மட்டையாளருக்கு வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கித் திரும்புவது ஆஃப் ஸ்பின். இதை விரல்களால் சுழற்றுவர். உள்ளிருந்து வெளியே விலகிச் செல்வது லெக் ஸ்பின். இதற்கு மணிக்கட்டும் திரும்ப வேண்டும். பின்னது கடினம். 1960 களிலும் 70 களிலும் நம் அணியில் முன்னதற்கு எஸ். வெங்கடராகவன், பின்னதற்கு வி. வி. குமார்.

வெங்கடராகவன் கிண்டிப் பொறியியற் கல்லூரி மாணவராக இருந்தபோதே, 1965 இல், இந்தியாவுக்கு ஆடியவர். அதே தொடரில் டில்லியில் நியூசிலாந்தின் 8 பேரை ஒரே இன்னிங்ஸில் 72 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகள். 1975 இலும் 1979 இலும் உலகக் கோப்பைப் போட்டிகளில் இந்தியாவின் தலைவர். ஓய்வு பெற்ற பின் நடுவராகி 73 டெஸ்டுகளில் நடுவர் வெள்ளைச் சட்டை அணிந்தார். ரஞ்சிப் போட்டிகளில் மட்டும் 500 க்கு மேற்பட்ட விக்கெட்டுகள் அவருடையவை. பெற்றோர்கள் கவனத்திற்கு ஒரு சொல்: படிப்புக் கெடும் என்று அஞ்சிப் பிள்ளைகளை விளையாட்டிலிருந்து இழுப்பவர்கள் நம்மில் உண்டு. வெங்கடராகவன் பொறியாளர். அவருக்குப் பின் வந்த ஸ்ரீகாந்தும் கிண்டியில் படித்த பொறியாளர். 537 டெஸ்டு விக்கெட்டுகள் எடுத்து 2024 டிசம்பரில் ஓய்வு பெற்ற ரவிச்சந்திரன் அஸ்வினும் பொறியாளரே.

வி. வி. குமாரின் கதை வேறு. ரஞ்சிப் போட்டிகளில் 400 க்கு மேல் விக்கெட்டுகள் எடுத்த இவர், 1961 இல் டில்லியில் தம் முதல் டெஸ்டிலேயே பாகிஸ்தானின் 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே ஆண்டு இறுதியில் இன்னொரு டெஸ்டு. அதோடு சரி. சுபாஷ் குப்தேயின் காலத்தின் கடைசியும் சந்திரசேகரின் காலத்தின் தொடக்கமும் சந்திக்கும் இடத்தில் அவர் பிறந்திருந்தார். வேறொரு பத்தாண்டில் பிறந்திருந்தால் ஐம்பது டெஸ்டு ஆடியிருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. அதை இன்று மெய்ப்பிக்க வழியில்லை. ஆனால் டெஸ்டு போன பிறகும் பதினைந்து ஆண்டுகள் மாநிலத்திற்காகச் சலிக்காமல் வீசினார் என்பது கணக்கில் இருக்கிறது.

இவ்விருவரும் இருந்த காலத்தில்தான் அந்த 1973 இறுதி ஆட்டம் வந்தது. 1958-59 முதல் தொடர்ந்து பதினான்கு முறை கோப்பையை வென்றிருந்த பம்பாய் அணி சேப்பாக்கத்திற்கு வந்தது. சென்னை மாநிலம் 1969 இல் தமிழ்நாடு ஆகிவிட்டதால் நம் அணியும் அப்போது தமிழ்நாடு என்ற பெயரிலேயே களம் இறங்கியது. பந்து முதல் நாளே திரும்பியது. பம்பாய் 151 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. நம்மவர் முகத்தில் மகிழ்ச்சி. ஆனால் பம்பாயிலும் ஒரு சுழற்பந்து வீச்சாளர் இருந்தார்: பத்மாகர் சிவால்கர். 16 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்! தமிழ்நாடு 80. அடுத்து பம்பாய் 113. தமிழ்நாடு மீண்டும் ஆடியபோது சிவால்கர் 18 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். ஏக்நாத் சோல்கர் 23 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். 61 ஓட்டங்களில் எல்லாம் முடிந்தது. மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே கடைசி விக்கெட் விழுந்தது. அன்று காலை உணவுப் பொட்டலத்தோடு வந்து அமர்ந்தவர்கள் அதைப் பிரிக்காமலேயே திரும்பியிருப்பார்கள். யாருக்காகக் காய்ந்து கிடந்த களமோ, அது யாருக்கோ உதவியது. பம்பாய்க்குத் தொடர்ச்சியாகப் பதினைந்தாவது கோப்பை.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். 34 ஓட்டங்களுக்கு 13 விக்கெட் எடுத்த அந்தச் சிவால்கரும் இந்தியாவுக்காக ஒரு டெஸ்டும் ஆடியதில்லை. அவருடைய இடத்தில் பிஷன் சிங் பேடி இருந்தார். ராம் சிங்குக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது. நம் அணியை வீழ்த்தியவரும் நம் ராம் சிங்கைப் போன்றவர்தான் என்று அறியும்போது அந்தத் தோல்வியின் கசப்பு எனக்குக் கொஞ்சம் குறைகிறது.

1980 களில் அணியின் முகம் மாறியது. பதினாறு வயதில் முதல் ரஞ்சி ஆட்டம் ஆடி, டில்லி அணியின் 7 விக்கெட்டுகளை 28 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார் எல். சிவராமகிருஷ்ணன். 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் 183 ஓட்டங்களில் மிக அதிகமாக 38 எடுத்தவர் நம் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். டிரினிடாட் தீவில் பிறந்து சென்னைக்குப் படிக்க வந்த ராபின் சிங், இங்கேயே தங்கி நம் அணியின் ஆளானார். 1987-88 இல் இரண்டாம் முறை கோப்பை வந்தது. இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில், இரயில்வே அணியுடன். தமிழ்நாடு 709 ஓட்டங்கள் குவித்தது. வெற்றி ஓர் இன்னிங்ஸும் 144 ஓட்டங்களும். முப்பத்து மூன்று ஆண்டுப் பசி ஒரே பந்தியில் தீர்ந்தது எனலாம். அணித்தலைவர் எஸ். வாசுதேவன்; இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். இவரும் டெஸ்டு ஆடாதவரே. இரு முறை கோப்பையை ஏந்திய தலைவர்களான அழகண்ணனும் வாசுதேவனும் இந்தியத் தொப்பி அணியாதவர்கள் என்பதைச் சிலரே எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

மறு ஆண்டு பனாஜியில் கோவா அணிக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 912 ஓட்டங்கள்! டபிள்யூ. வி. ராமன் 313, ராம் சிங்கின் பேரன் அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. அந்தப் பருவம் முழுதும் சேர்த்து ராமன் 1018 ஓட்டங்கள் எடுத்து, ரூசி மோடி 1944-45 இல் வைத்த சாதனையை முறியடித்தார்.

அதற்குப் பிறகு ஆட்டக்காரர்களுக்குக் குறைவில்லை. ரஞ்சிக் கோப்பைதான் வரவில்லை. ஒரு நாள் ஆட்டங்களுக்கான விஜய் ஹசாரே கோப்பையைப் பலமுறை வென்றோம். 2022 நவம்பரில் நா. ஜெகதீசன் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 277 ஓட்டங்கள் எடுத்தது உலகம் அதுவரை காணாதது. மற்றொரு மாற்றம் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. நெடுங்காலம் இது பெரும்பாலும் சென்னை நகரத்து அணியாகவே இருந்தது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய நெசவுத் தொழிலாளி மகன் த. நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு ஆடினார். பிரிஸ்பேனில் அவரோடு சேர்ந்து முதல் டெஸ்டு ஆடியவர் வாஷிங்டன் சுந்தர். இந்தப் பெயர் அமெரிக்கத் தலைவருடையதன்று. ஏழ்மையில் வளர்ந்த தம் தந்தை சுந்தருக்குப் பள்ளிக் கட்டணமும் சீருடையும் கொடுத்து உதவிய ஓய்வுபெற்ற இராணுவ வீரர் ஒருவரின் பெயர். நன்றி மறவாத தந்தை அதைத் தம் மகனுக்கு வைத்தார்.

"இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்று கடைசி வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கிறது. இந்தியாவில் மகளிர் கிரிக்கெட் சங்கம் 1973 இல் தோன்றியது. 1976 இல் மேற்கிந்தியத் தீவுகளுடன் இந்திய மகளிர் தம் முதல் டெஸ்டுத் தொடரை ஆடியபோது, சென்னையிலிருந்து சென்றவர்களில் சுதா ஷா, ஃபௌசியா கலீலி, சூசன் இட்டிச்சேரியா ஆகியோர் இருந்தனர். அந்நாளைய ஆட்டக்காரிகளுக்குச் சம்பளமில்லை. முன்பதிவில்லாத இரயில் பெட்டியில் பயணம். கிடைத்த கூடத்தில் பாய் விரித்து உறக்கம். அப்படிச் சென்றுதான் நாட்டுக்கு ஆடினார்கள். சுதா ஷா 21 டெஸ்டுகள் ஆடி, பிறகு பயிற்சியாளராகி, 2005 இல் இந்திய மகளிர் அணி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எட்டியபோது உடனிருந்தார். சூசனின் மகள் தீபிகா பள்ளிக்கல் ஸ்குவாஷ் ஆட்டத்தில் உலகறிந்தவர். மருமகன் தினேஷ் கார்த்திக் நம் மாநில அணியின் விக்கெட் காப்பாளராக இருந்தவர். உலகக் கோப்பையில் நூறு ஓட்டங்கள் எடுத்த முதல் இந்தியப் பெண் யார் தெரியுமா? சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி. ஆண்டு 2013, எதிரணி மேற்கிந்தியத் தீவுகள். மறு ஆண்டே மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் 192 ஓட்டங்கள் எடுத்தார்.

1988 இல் கோப்பையை வென்ற அணியின் ராமனுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 2018 டிசம்பரில் அவர் இந்திய மகளிர் அணியின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். 2020 மார்ச் 8 ஆம் நாள், உலக மகளிர் தினத்தன்று, மெல்போர்னில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 85 ஓட்டங்களில் தோற்றது. அன்று அத்திடலில் அமர்ந்து பெண்கள் ஆடுவதைப் பார்த்தவர்கள் 86,174 பேர்.